கைதட்டிய கூட்டம்

"பிள்ளையைப் போட்டுட்டு ஊர் சுத்தறாங்களா எங்க அண்ணி? வாயைக் கழுவுங்கடி! அவன்கூட எங்க அண்ணன் இருந்தாரு," என்று தையற்காரிக்காக நாத்தனார் தெருவில் நின்று அக்கம்பக்கத்துப் பெண்களோடு மல்லுக்கட்டினாள்.

தையற்காரியின் மகனுக்குப் பேச்சு வராது, சத்தமும் ஆகாது. அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்றவர்கள் கூடும் இடத்துக்கு முதலில் அவனையும்தான் கூட்டிப்போனாள். புதுப் பிள்ளை வந்த சந்தோஷத்தில், எல்லாம் தெரிந்த அவர்களே மறந்துபோய்க் கைதட்டிவிட்டார்கள். அவன் சுவரில் தலையை மோதிக்கொண்டான்.

"இனிமே தட்ட மாட்டோம், வாம்மா," என்று ஆள் மேல் ஆள் விட்டார்கள். அவனோ வெளியே கிளம்பச் செருப்பை எடுத்தாலே அலறினான். அந்தக் கூட்டத்தை விட்டால் மனம்விட்டு அழ அவளுக்கு வேறு இடமில்லை.

அதனால்தான் அன்று அவனை விட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பினாள். அப்பாவின் பிடியில் மகன் திமிறினான்.

"நீங்க போங்க அண்ணி, நாங்க பாத்துக்கறோம்," என்றாள் நாத்தனார். அவனை அடக்க முடியாதென்று இருவருக்கும் தெரியும். அலறல் முதுகில் அறைய, அவள் வாசலைத் தாண்டிப் போனாள்.