சிரிப்புக்கு இரண்டேமுக்கால் அடி

வளைந்த ஊசி விரிப்பின் அடியில் புகுந்து, ஓரப்பட்டையைத் துளைத்து, மேலே வருகிறது. இடது கட்டைவிரல் பட்டையை அழுத்திப் பிடித்திருக்க, வலது கை நூலை இழுக்கிறது. இழுப்பு அதிகமானால் ஓரம் சுருங்கிப் படகு போல வளையும், குறைந்தால் ஒரே மாதத்தில் பட்டை வாய் பிளக்கும். அந்தக் கைகளுக்கு நடுவில் இருக்கும் இழுப்பு தெரியும். நான்காவது பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னும் ஒன்றரை அடிதான் பாக்கி.

இந்த விரிப்பு பதினொன்றுக்கு எட்டு அடி. அந்த எட்டுக்கு வந்து சேர அவளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு கண்டக்டரின் கதைகளும் தேவைப்பட்டன.

வேலை செய்யும் விரிப்புக் கடையில் அவளுக்கு அங்குலம் என்று பெயர். வீட்டிலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பத்தொன்பது வயதில் வெட்டுத் துண்டுகளைப் பெருக்க வந்தவள். பெருக்கிய துண்டுகளை வீட்டுக்கு எடுத்துப் போய், மோசமாகத் தைத்திருந்த ஓரங்களைப் பிரித்துப் பார்த்துப் பார்த்துத் தைக்கக் கற்றுக்கொண்டாள். யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. இருபத்திரண்டு வருடமாக அளவெடுப்பதும் வெட்டுவதும் தைப்பதும் அவள்தான்.

அளவெடுக்கப் போகும் வீட்டுக்கு முதல் நாளே போன் செய்து ஒன்று சொல்லுவாள். "தயவுசெஞ்சு வீட்டைச் சுத்தம் பண்ணாதீங்க." யாரும் கேட்பதில்லை. விருந்தாளி வருவதுபோல நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளி, செருப்புகளை ஒளித்து, பளிச்சென்று நிறுத்திவிடுவார்கள். அப்புறம் அந்த அறைக்கு அளவெடுத்து என்ன பயன்? அந்த அறையில் யாரும் வாழ்வதில்லையே. அதனால் அவள் எல்லாரையும் வழக்கம்போல உட்காரச் சொல்லிவிட்டுத்தான் டேப்பை எடுப்பாள். அவளுடைய நோட்டுப் புத்தகத்தில் சுவர்களைவிட ஆட்களே அதிகம். 'தாத்தா காலை நீட்டுவார்.' 'பெரியவன் தரையில் படிப்பான்.' 'நாய், கதவுப் பக்கம்.'

இவ்வளவு இருந்தும், சொந்த நாத்தனார் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அவகிட்ட ஒரு மிதியடி வேணும்னு சொல்லிப் பாரு, வீட்டையே அளந்துட்டுத்தான் போவா" என்பது நாத்தனாரின் கட்சி. பெரிய கடை ஒன்றில் தள்ளுபடி போட்டிருந்தார்கள். சாப்பாட்டு மேசைக்கு அடியில் போட எட்டுக்கு ஐந்து அடியில் ஒரு விரிப்பை வாங்கி வந்துவிட்டாள். காரணம் அழகு இல்லை. கீழ்வீட்டில் ஒரு நர்ஸ் இருந்தாள். இரவு முழுக்க ஆஸ்பத்திரியில் நின்றுவிட்டு வந்து பகலில் தூங்குபவள். ஞாயிறு மதியம் மேலே எட்டுப் பேர் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். நாற்காலிகள் இழுபடும் சத்தம் அவள் தலைக்கு நேர் மேலே. இரண்டு தடவை மேலே வந்து தன்மையாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். நாற்காலிக் கால்களுக்கு ஒட்டிய துணிப் பொட்டுகள் ஒரு வாரத்தில் உதிர்ந்தன. அதற்கப்புறம்தான் விரிப்பு.

விரிப்பு வந்ததும் சத்தம் கூடிவிட்டது. மேசை ஆறரைக்கு மூன்றரை. நாலு பக்கமும் முக்கால் அடிதான் மிச்சம். நாற்காலியைப் பின்னால் தள்ளினால் பின்னங்கால்கள் விரிப்பின் விளிம்பிலிருந்து தரையில் குதித்தன. முன்பு கீச் என்றிருந்தது, இப்போது கீச், டொக்.

அங்குலத்தைக் கூப்பிட்டே ஆக வேண்டியதாயிற்று.

முதல் ஞாயிறு அவள் கணவனோடும் மகனோடும் போனாள். விரிப்பைப் பார்த்தாள்.

"என்ன, மனசுக்குள்ள சிரிக்கிறியா?" என்றாள் நாத்தனார்.

"இல்லண்ணி. நல்ல விரிப்பு. இதைவிடச் சின்ன மேசை ஒண்ணு வாங்கிட்டா சரியா இருக்கும்."

"பாத்தீங்களா! வந்ததும் வராததுமா ஆரம்பிச்சுட்டா!"

அந்த விரிப்பைச் சுருட்டி ஓரமாக வைத்தார்கள். அங்குலம் எல்லாரையும் உட்கார வைத்தாள். எழுந்திருக்கச் சொன்னாள், மறுபடி உட்காரச் சொன்னாள். ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு. எல்லாம் மேசையிலிருந்து ஒன்றேமுக்கால் அடிக்குள் அடங்கின. பத்துக்கு ஏழு என்று எழுதிக்கொண்டு டேப்பைப் பைக்குள் போட்டாள்.

சாப்பாடு வந்தது. மாமனார் தொண்டையைச் செருமினார். மகள் வீட்டோடு இருக்கும் அவர் முப்பத்தைந்து வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ஞாயிறு மதியம் அவருடைய மேடை.

"ஒருத்தன் ஏறினான்பா. கையில ஆள் உசரத்துக்கு நிலைக்கண்ணாடி. ஒரு டிக்கெட்னான். ரெண்டு எடுக்கணும்னேன். ஏன்னான். 'கண்ணாடிக்குள்ள இன்னொருத்தர் நிக்கிறாரே, அவருக்கு?'ன்னேன். அவன் அசரலியே! கண்ணாடியை அப்படியே என் பக்கம் திருப்பிட்டு, 'இப்ப உள்ள நிக்கிறது கண்டக்டருங்க. ஸ்டாஃபுக்கு டிக்கெட் உண்டா?'ன்னான்."

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். அவளுடைய சின்ன மகள் மேசையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு சிரித்தாள். மாமனாரே தன் கதைக்குத் தானே குலுங்கி ஓர் அடி பின்னுக்குப் போனார். கீச், கீச், கீச். அங்குலம் தரையைப் பார்த்தாள். மூன்று நாற்காலிகள் கோட்டைத் தாண்டி நின்றன.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு அளந்தால், கேமரா முன்னால் நிற்பதுபோலத்தான் எல்லாரும் உட்காருவார்கள். அறையைச் சுத்தம் செய்யாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்னவள், மனிதர்கள் தங்களையே ஒழுங்கு செய்துகொண்டு உட்கார்ந்ததைக் கவனிக்காமல் விட்டுவிட்டாள்.

கதவு தட்டப்பட்டது. கலைந்த தலையோடு நர்ஸ் நின்றாள்.

"மூணாவது தடவை வரேன், அக்கா. எனக்குச் சண்டை போடத் தெரியாது. ஆனா நேத்து மாத்திரை எண்ணும்போது கண்ணு சொருகிடுச்சு. அதெல்லாம் விளையாட்டில்ல. இன்னும் ரெண்டு வாரம் பாக்கிறேன், அப்புறம் ஹவுஸ் ஓனர்கிட்ட சொல்ல வேண்டியதுதான்."

வீட்டு உரிமையாளர் என்ன சொல்வார் என்பது எல்லாருக்கும் தெரியும். இத்தனை பேர் கூடுவதே அவருக்குப் பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அவ்வளவுதான், நின்றுவிடும்.

நர்ஸ் போனதும் மாமனார் தட்டைப் பார்த்துக்கொண்டே, "நான் வேணா வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடுறேன்மா" என்றார். அப்படியே சாப்பிடவும் செய்தார். அந்த மேசையில் கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது அன்றுதான் முதல் தடவை. அங்குலம் பாதிச் சாப்பாட்டில் எழுந்தாள்.

கையைக் கழுவிவிட்டு வந்தாள். "அண்ணி, பழைய போர்வை நாலு எடுங்க."

போர்வைகளை மடித்து எல்லா நாற்காலிகளுக்கும் அடியில் விரித்தாள். டேப்பை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். "மாமா, இன்னொரு கதை சொல்லுங்க."

"இப்பவா? நானே மனசு ஒடைஞ்சு உக்காந்திருக்கேன்."

"வேலைக்குத்தான் மாமா கேக்கிறேன். மெதுவா சொல்லுங்க, ஆனா நல்லதாச் சொல்லுங்க."

வேலை என்றதும் அவர் நிமிர்ந்தார். ஒன்றுக்கு மூன்றாகச் சொன்னார். எல்லாரும் வாய்க்குள் துணியை அடைத்துக்கொண்டு சிரித்தார்கள். சத்தமில்லாத சிரிப்பு இன்னும் அதிகமாக நாற்காலியைத் தள்ளும் என்பதையும் அன்று அங்குலம் கற்றுக்கொண்டாள். இரண்டேமுக்கால் அடி.

மேசைக்கு இரண்டு பக்கமும் இரண்டேமுக்கால் என்றால் அகலம் ஒன்பது அடி. ஆனால் சமையலறைக் கதவு உள்பக்கம் திறக்கிறது. எட்டு அடிக்கு மேலே ஓர் அங்குலம் போனாலும் கதவு விரிப்பில் இடித்து நிற்கும்.

"கதவை அடியில கொஞ்சம் அறுத்துட்டா?" என்றான் அவள் கணவன்.

"வாடகை வீட்டுக் கதவையா? அதுக்கு அந்த நர்ஸே தேவலை" என்றாள் நாத்தனார்.

திங்கட்கிழமை கடையில் அங்குலம் சாம்பல் நீல விரிப்புச் சுருளை உருட்டிப் போட்டாள். அந்த நிறத்தில் அதுவே கடைசித் துண்டு. வெட்டினால் வெட்டினதுதான். பதினொன்றுக்கு எட்டு என்று கோடு போட்டாள். மேசையை நடுவில் வைத்தால் பக்கத்துக்கு இரண்டேகால். அரையடி குறைகிறது. அந்த அரையடியில் டொக் காத்திருக்கிறது. கத்தியை எடுக்காமல் கோட்டை அப்படியே விட்டுவைத்தாள்.

"மேசை நடுவுல, நாலு பக்கமும் ஒரே மிச்சம். சட்டத்துல படம் மாட்டுற மாதிரி. இதைத்தானே ஊருக்கெல்லாம் சொல்ற?" என்றார் கடைக்காரர். அவள்தான் அப்படிச் சொல்லிவந்தாள், இருபத்திரண்டு வருடமாக.

செவ்வாயும் கோடு அப்படியே கிடந்தது. புதன் மதியம் நோட்டைப் புரட்டினாள். ஞாயிறு எழுதியது: 'மாமா 2¾. சின்னவள் 2¾. அண்ணி 2¾, சிரிக்க ஒரு தடவை, எடுத்து வர ஆறு தடவை. அண்ணன் 1½.'

அண்ணன் என்றால் நாத்தனாரின் கணவர், மருந்துக்கடையில் வேலை செய்பவர். எழுந்திருக்கும்போது நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கி வைப்பார். கண்ணாடிப் புட்டிகளோடு பழகிய கை. சிரிப்பார், ஆனால் உதட்டால் மட்டும்.

ஒரு பக்கம் இரண்டேமுக்கால், அவர் பக்கம் கால் அடி கூட்டியே ஒன்றேமுக்கால், ஆக நாலரை. மேசை மூன்றரை. மொத்தம் எட்டு. அங்குலம் தனியாகச் சிரித்தாள்.

"என்னம்மா, கோடு ஏதாவது ஜோக் சொல்லுச்சா?" என்றார் கடைக்காரர்.

அன்று சாயங்காலமே நாத்தனார் வீட்டுக்குப் போனாள்.

"மேசையைச் சமையலறைப் பக்கம் அரையடி தள்ளப் போறேன். ஜன்னல் பக்கம் விரிப்பு அதிகமா இருக்கும். சிரிக்கிறவங்க எல்லாம் ஜன்னல் பக்கம். மாமா, சின்னவ, நீங்க."

"நான் எப்படி ஜன்னல் பக்கம்? நான் சமையலறைக்கு எந்திரிச்சுப் போகணும். யாரு எடுத்துட்டு வந்து வைக்கிறது?"

"அண்ணன்."

நாத்தனார் திரும்பிப் பார்த்தாள். "இவரா? உப்பு டப்பா எங்க இருக்குன்னு தெரியுமா இவருக்கு?"

கணவர் செய்தித்தாளை மடித்தார். "ரெண்டாவது தட்டு, இடது கோடி. மூடியில விரிசல் இருக்கு, மாத்தணும்" என்றார். "இவ்வளவு நாளா யாரும் என்னைக் கேக்கலையே."

சின்ன மகள் கைதட்டினாள். "அத்தை, நீங்க விரிப்பு தைக்க வந்தீங்களா, எங்க வீட்டு அரசாங்கத்தையே மாத்த வந்தீங்களா?"

வியாழக்கிழமை காலை அங்குலம் கத்தியை எடுத்தாள். ஒரே இழுப்பு. வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் ஓரம் தைத்தாள். கடைசி ஒன்றரை அடியும் முடிந்தது. முடிச்சைப் பட்டைக்குள் புதைத்து, நூலை நறுக்கி, ஓரம் முழுவதையும் உள்ளங்கையால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தாள். எங்கும் கை தடுக்கவில்லை.

ஞாயிறு காலை, அவள் கணவன் ஒரு முனையையும் நாத்தனாரின் கணவர் மறுமுனையையும் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். திருப்பத்தில் சுருள் சிக்கிக்கொண்டது. மேலே போகவும் இல்லை, கீழே வரவும் இல்லை. டியூட்டி முடிந்து வந்த நர்ஸ் பையைக் கீழே வைத்துவிட்டு நடுவில் தோள் கொடுத்தாள். "ஸ்ட்ரெச்சர் திருப்புற மாதிரி திருப்பணும். கால் பக்கம் முதல்ல. ஆ, வந்துடுச்சு பாருங்க." மூச்சு வாங்கியபடி கேட்டாள். "யார் வீட்டுக்கு இது?"

"உங்களுக்குத்தான்மா" என்றாள் அங்குலம். "போடுறது மட்டும் மேல."

விரித்தார்கள். சமையலறைக் கதவு விரிப்பின் விளிம்பை மூச்சுவிடும் இடைவெளியில் தாண்டித் திறந்து மூடியது. மேசை நடுவில் இல்லை. ஆனால் ஆட்கள் உட்கார்ந்ததும் யாருக்கும் அது தெரியவில்லை. சோதித்துப் பார்க்காமல் அங்குலம் எதையும் ஒப்படைக்க மாட்டாள். அவள் கேட்டுக்கொண்டபடி நர்ஸ் தன் வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டாள், செல்போனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

"மாமா, இப்ப சத்தமாவே சொல்லலாம்."

மாமனார் தொண்டையைச் செருமினார். இந்த வாரம் முழுவதும் சேர்த்து வைத்திருந்தாரோ என்னவோ, ஒரு கோழியும் மாதாந்திர பாஸும் வரும் கதை ஒன்றை அவிழ்த்துவிட்டார். அங்குலத்தின் மகனே சிரித்துவிட்டான். சாப்பிடும்போது பேசக்கூடத் தெரியாதவன். ஜன்னல் பக்கத்து நாற்காலிகள் மூன்றும் ஒன்றாகப் பின்வாங்கின. அங்குலம் குனிந்து பார்த்தாள். பின்னங்கால்களுக்கும் விளிம்புக்கும் நடுவில் நாலு விரல் இடம்.

நாத்தனாரின் செல்போன் அடித்தது. நாத்தனார் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, இன்னும் ஆரம்பிக்கலையா? எனக்குத் தூக்கம் வருது. சீக்கிரம் சிரிங்க."

அதற்கப்புறம் வந்த சிரிப்பு கீழே கேட்டதா என்று யாரும் விசாரிக்கவில்லை. போன் ஏற்கெனவே துண்டிக்கப்பட்டிருந்தது.

நாத்தனார் பழக்க தோஷத்தில் எழுந்திருக்கப் போனாள். அவள் கணவர் அதற்குள் நாற்காலியைத் தூக்கி வைத்துவிட்டு உள்ளே போயிருந்தார். அவள் அப்படியே உட்கார்ந்தாள். ஆவி பறக்கும் தட்டு அவள் முன்னால் வந்தது.

அங்குலம் பையிலிருந்து, அதே சாம்பல் நீல நூல் சுற்றிய அட்டையை எடுத்தாள். அதில் ஒரு வளைந்த ஊசி குத்தியிருந்தது. எந்த ஓரமாவது என்றைக்காவது பிரிந்தால் தைப்பதற்கு. எப்போதும் கடைசியாக அவள் கொடுப்பது அதைத்தான்.

"பிடிங்க அண்ணி, இனிமே உங்களோடது" என்று சொல்லி, அதை நாத்தனாரின் உள்ளங்கையில் வைத்தாள்.