கொஞ்சம் அதிகமாகக் குலுக்கிவிட்டேன்

இலங்கை மலைநாட்டில், அட்டன் பக்கத்தில், தேயிலைத் தோட்டத் தொரைமார் கிளப் ஒன்றில், பாரில் எனக்கு வேலை. காக்டெயில் குலுக்கப் பழக மூன்று மாதம் பிடித்தது. ஐஸ் போட்டு மூடிய குவளையின் வெளியே பனி படர்ந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் குலுக்கினால் ஐஸ் கரைந்து எல்லாம் தண்ணீராகிவிடும்.

அந்த வருடம் நானும் அண்ணனும் பிரஜாவுரிமை விசாரணைக்குப் போனோம். விசாரித்த அதிகாரி கிளப்புக்கு வருகிறவர். என்னைப் பார்த்ததும் சிரித்து, இரண்டே கேள்வியில் அனுப்பிவிட்டார். மலையில் தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டும் அண்ணனை ஒரு மணி நேரம் குடைந்தார். ஒரே அப்பா, ஒரே லயத்து வீடு, ஒரே மாதிரிக் கடதாசிகள். எனக்குக் கிடைத்தது. அண்ணனுக்கு இல்லையென்று கடிதம் வந்தது; கிடைக்காதவர்கள் இந்தியாவுக்குப் போய்விட வேண்டும்.

"உனக்குத் தெரிஞ்சவருதானே தம்பி. ஒரு வார்த்தை சொல்லிப் பாரேன்" என்றார் அண்ணன். அதுவரை என்னிடம் எதுவும் கேட்டறியாதவர்.

சனிக்கிழமை அதிகாரி வந்து எதிரே உட்கார்ந்தார். குலுக்கி முடித்ததும் சொல்லிவிட நினைத்தேன். குவளையில் பனி படர்ந்தது. சொன்னால் என்னுடையதையும் திரும்பக் கிளறுவாரோ என்று பயம் வந்தது. நிறுத்தினால் பேச வேண்டும். விரல்கள் மரத்துப்போகும்வரை குலுக்கிக்கொண்டே இருந்தேன்.

ஒரு மிடறு குடித்துவிட்டு, இன்றைக்குத் தண்ணீராக இருக்கிறதே என்றார்.

"மன்னிச்சுக்கங்க சேர், வேற போட்டுத் தாரேன்."

வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான். கேட்டேன், முடியாதென்றுவிட்டார் என்று அண்ணனிடம் சொன்னேன்.

தலைமன்னாரில் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறும்போது அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்காகக் கேட்டுப் பார்த்தியே தம்பி, அது போதும்."

இல்லை என்று சொல்ல அங்கேயும் எனக்கு வாய் வரவில்லை.