ஒன்பது கணினிகளும் ஓர் அட்டவணையும்

பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் கரும்புச்சாறு குடிக்க நிற்கிறவர்களில், முதுகில் கம்பெனிப் பை மாட்டியவராகப் பார்த்து உமாசங்கர் பக்கத்தில் போய் நிற்கிறார். "சார், பெங்களூரா? ஐ.டி.யா?" ஆமாம் என்று தலையாட்டினால் அந்த மனிதர் தொலைந்தார். மிச்சமிருக்கும் கிரிவலம் முழுக்க, "உங்க ஆபீஸ்ல எந்த ஹைப்பர்வைசர் சார் ஓடுது?" என்று விசாரணை நடக்கும். பாவம், அவர் என்ன வேண்டுதலோடு வந்தாரோ.

உமாசங்கர் வேங்கிக்கால் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் கணினி நிர்வாகி. வருகைப்பதிவு, தேர்வு, நூலகம், விடுதி என்று அங்கே ஒன்பது கணினிகள். நிஜத்தில் ஒன்பதும் ஒரே இரும்புப் பெட்டிக்குள் குடியிருக்கின்றன, ஒரு வீட்டை ஒன்பது போர்ஷனாகத் தடுத்து வாடகைக்கு விட்ட மாதிரி. அப்படித் தடுத்துக் கொடுக்கிற மென்பொருள்தான் ஹைப்பர்வைசர். இருப்பது பழசாகிவிட்டது. புதிதாக ஒன்றையும், அதை மேற்பார்வை பார்க்க ஒரு கருவியையும் தேர்ந்தெடுக்கச் சொல்லி மூன்று வருஷமாகிறது.

மனிதர் சும்மா இருந்தார் என்று சொல்ல முடியாது. அட்டவணை போட்டிருக்கிறார். ப்ராக்ஸ்மாக்ஸ், ஹைப்பர்-வி என்று நெடுக்கில் பதினோரு பெயர்கள், குறுக்கே நாற்பத்து மூன்று தலைப்புகள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி முதலிடம் மாறும். "அவசரப்படக் கூடாதுங்க. இதுல வசதி ஜாஸ்தி, அதுல ரிஸ்க் கம்மி." மனைவி வித்யாலக்ஷ்மி அவரைப் புடவைக் கடைக்கு அழைத்துப் போவதை நிறுத்திப் பல காலமாகிறது. அந்த இரும்புப் பெட்டிக்குப் பதிலாகக் கல்லூரி வாங்கிய புது சர்வர் அலமாரிக்குப் பின்னால் அப்படியே கிடப்பதாக உமாசங்கரின் நினைப்பு. பழையதற்குத் தினமும் விபூதி பூசி, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். குருக்கள் வீட்டுப் பிள்ளை, கைப்பழக்கம்.

சிரிக்கலாம்தான். ஆனால் அடியில் இருப்பது பயம். முன்பு ஒருமுறை ஏதோ ஒரு மென்பொருளை அரை நாளில் முடிவு செய்து போட்டு, ஒரு செமஸ்டர் மதிப்பெண் மொத்தமும் காணாமல் போயிற்று. தாளாளர் ராஜமாணிக்கம் எல்லா ஆசிரியர்களுக்கும் எதிரில் கேட்டார்: "யாருய்யா உன்ன முடிவெடுக்கச் சொன்னது?" அன்றைக்கு முடிவெடுப்பதை விட்டவர்தான்.

அதே தாளாளர் இந்தத் தை மாதம், "திங்கக்கெழமைக்குள்ள ஒண்ணச் சொல்லு. இல்லன்னா சென்னைக் கம்பெனிக்காரன் பாத்துக்குவான், நீ வீட்டுக்குப் போ" என்று சொல்லிவிட்டார். உமாசங்கர் அன்று முழுக்க அட்டவணைக்கு வண்ணம் தீட்டினார்.

வெள்ளிக்கிழமை பகலில் கரண்டு போய் வந்தது. பழைய சர்வர் தீய்ந்த வாசனையோடு நின்றுபோனது. உமாசங்கர் ஓடிப்போய் அதைத் தட்டித் தட்டிப் பார்த்தார். கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகும் ஆய்வக உதவியாளர் அருணாதேவி எட்டிப் பார்த்தாள்.

"பயப்படாதீங்க சார், அதுல ஒண்ணும் இல்ல. தீப லீவுலயே ஒம்போதையும் புதுசுக்கு மாத்திட்டேன். அம்பது நாளா அதுலதான் ஓடுது."

ஐம்பது நாளாகக் காலிப் பெட்டிக்கு விபூதி பூசியவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "யாரக் கேட்டு மாத்தின?"

"உங்களத்தான் சார் கேட்டேன். பாக்கலாம்னீங்க."

"சரி, எத வெச்சு செலக்ட் பண்ண?"

"நம்ம காலேஜ் நெட்டுல அதுதான் சீக்கிரம் எறங்குச்சு சார்."

"மேற்பார்வைக்கு?"

"கூடவே ஒண்ணு வந்துச்சு. போதுமே."

திங்கட்கிழமை தாளாளர் நிமிராமலே கேட்டார்: "முடிவு பண்ணியா, இல்லியா?"

"பண்ணியாச்சுங்க. ஓடிட்டிருக்கு."

"யாரு பண்ணது?"

நானென்று சொல்லியிருக்கலாம். கேட்பாரில்லை. அட்டவணைத் தாள்களைப் புரட்டாமல், யோசிக்காமல், மூன்று வருஷத்தில் முதல் தடவையாக உமாசங்கர் உடனே பதில் சொன்னார். "அருணாதேவிங்க."

"ஓடுதில்ல? அப்புறம் என்ன? போய் வேலையப் பாரு."

இருக்கைக்கு வந்தார். வேர்வையைத் துடைத்துக்கொண்டு அட்டவணையைத் திறந்தார். நாற்பத்து நான்காவது தலைப்பாக 'இறங்கும் நேரம்' என்று தட்டினார். பிறகு மிச்சப் பத்தில் முதலாவதை இறக்கவிட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி எதிரில் வைத்துக்கொண்டார்.