கிரகண உச்சத்துல ஒரு போன்

திண்டிவனத்துல ஒரு காலேஜ்ல பிசிக்ஸ் லேப் பாத்துக்கறவன் குமரேசன். கிரகணத்துக்கு பயப்படாதீங்கன்னு ஊரு ஊரா மைக் புடிச்சிப் பேசறதுல அவன அடிச்சிக்க ஆள் கிடையாது. புள்ளத்தாச்சி வெளிய வந்தா ஒண்ணும் ஆவாதும்பான்.

2019 டிசம்பர் கிரகணத்தன்னிக்கு காலேஜ் மொட்டமாடியில ஒரு டிவி டிஷ்ஷ சூரியனப் பாத்து திருப்பி வச்சிருந்தாங்க. பிசிக்ஸ் நடத்தற நாசியா மேடத்தோட ஏற்பாடு. சூரியனச் சுத்தி கொதிக்கற காத்து மண்டலத்துலருந்தும் ரேடியோ அலை வருது. நிலா மெதுவா மறைச்சிக்கினே போறப்ப, எந்த எடம் மூடினா அலை எவ்ளோ குறையுதுன்னு பாத்தா, எங்கருந்து எவ்ளோ வருதுன்னு புரிஞ்சிடும். கேக்கவே புல்லரிக்குதுல்ல?

பக்கத்துல செல்போன் பேசினா அதோட அலையும் டிஷ்ஷுல பூந்து எல்லாம் கெட்டுடும். அதனால எல்லார் போனையும் ஆஃப் பண்ணி வாங்கி வச்சதே குமரேசன்தான். தன்னோடத மட்டும் பாக்கெட்லயே வச்சிக்கினான். அவன் பொண்டாட்டி கலைப்பிரியா பக்கத்துல வல்லத்துல அவ அம்மா ஊட்ல இருந்தா, ஏழு மாசம்.

வெயில் மங்க மங்க அவன் கை பாக்கெட்டுக்கே போச்சு. டிஷ்ஷுக்குப் பின்னாடி போய் போன் போட்டான்.

"எங்க இருக்கற?"

"வாசல்ல. நீங்க குடுத்த கண்ணாடி போட்டுக்கினு பாக்கறேன். செமயா இருக்கு."

"உள்ள போ."

"ஏன்? நீங்கதான..."

"சொன்னா கேளு கலை. உள்ள போ."

திரும்பி வந்தா, டிஷ்ஷோட சேத்திருந்த லேப்டாப் கிராஃப்ல ஒரு கோடு சர்ருனு எகிறி நிக்குது. சூரியன்ல என்னவோ வெடிச்சிருக்குன்னு பசங்க குதிக்கறாங்க. மேடம் கண்ணு கலங்கிப்போய், இத ஒடனே பெரிய ஆராய்ச்சிக் கூடத்துக்கு அனுப்பணும்னாங்க. அனுப்பிட்டா அவனோட பயம் சூரியன் பேர்ல போயிடும். குமரேசன் மேடம் பக்கத்துல போனான்.

"மேடம், அது சூரியன் இல்ல. நான் போன் பண்ணேன்."

"யாருக்குப் பண்ணீங்க?"

"வீட்டுக்கு. வெளிய நிக்காதன்னு சொன்னேன்."

யாரும் திட்டல. அவன் பேச்சக் கேட்டு கை தட்டின பசங்கதான் எல்லாம். ஒருத்தன் கீழ குனிஞ்சிக்கினான். மேடம் அந்த எடத்த மட்டும் வெட்டி எடுத்தாங்க. கிரகணம் உச்சத்துல இருந்த எடமே போச்சு.

சாயங்காலம் வல்லம் போனான். மாமியார் சோறு போட்டுக்கினே சிரிச்சாங்க. "நான் எவ்ளோ கூப்ட்டும் வரல மாப்ள. அவரு ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லியிருக்காருன்னு நின்னுக்கினே இருந்துச்சு. அப்பறம் கண்ணு கூசுதுன்னு அதுவா உள்ள வந்துச்சு."

போன் வந்தத கலை சொல்லவே இல்ல.

அவன் தட்டையே பாத்தான். "அத்தை, அது வந்து..."ன்னு ஆரம்பிச்சான்.

"சோறு ஆறுது. துன்னுங்க"ன்னா கலை.