அனுப்புவீங்களா என்று கேட்டவர்

செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத்தில் ஜன்னல்களைத் திறந்துகொண்டிருந்த நேரத்தில் தொலைபேசி அடித்தது. எடுத்தவன் நான்தான். "சார், ஜினதாஸ் பேசறேன். அக்கா போயிட்டாங்க. விடியக்காலையில, தூக்கத்துலயே. பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடுவோம். வர்றவங்க சீக்கிரம் வந்துடுங்க." பேசியவர் பத்மாவதி மேடத்தின் தம்பி. ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பியபோது வரிசையாக மேசைகளில் இருந்தவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். "பத்மாவதி மேடம்" என்றேன். அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பலருக்கு அவரைக் கண்டிப்பானவராகத் தெரியும். சிலருக்கு அவர் வளைந்துகொடுக்காதவர். இரண்டும் சரிதான். ஆனால் அந்த ஒப்பந்த விவகாரத்தில் முதலிலிருந்து கடைசிவரை அவர் பக்கத்தில் இருந்தவன் நான் ஒருவன் மட்டுமே என்பதால், நடந்ததை நடந்தபடி சொல்லிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

எழுபதுகளின் நடுவில் அவர் நம் அலுவலகத்துக்கு, ஊர் ஊராகப் போய் மக்களிடம் கருத்துக் கேட்டு எழுதும் கள ஆய்வாளராக வந்தார். போளூர்ப் பக்கத்து நயினார் குடும்பம், விவசாயம் செய்கிற தமிழ்ச் சமணர்கள். பொழுது சாய்ந்த பிறகு ஒரு வாய்கூடச் சாப்பிட மாட்டார். முதல் மாதமே இது பிரச்சினையானது. தண்டராம்பட்டு போய்த் திரும்பும் வழியில், மேற்கே சூரியன் இறங்குவதைப் பார்த்து ஜீப்பை நிறுத்தச் சொன்னார். "ஊருக்குப் போயி சாப்பிட்டுக்கலாமேம்மா, இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்றார் டிரைவர். "உங்க வண்டி நிக்கும். சூரியன் நிக்குமா?" என்று கேட்டுவிட்டு, புளியமரத்தடியில் உட்கார்ந்து தூக்குப் பாத்திரத்தைத் திறந்தார். எங்களுக்கும் ஆளுக்கு இரண்டு இட்லி கொடுத்தார். அன்றிலிருந்து அந்த டிரைவர் கேட்காமலேயே வண்டியை நிறுத்தப் பழகிக்கொண்டார்.

எண்பதுகளின் தொடக்கத்தில்தான் அந்த உத்தரவு வந்தது. நம் நாட்டுக்கும் வளைகுடா நாடு ஒன்றுக்கும் இடையே தொழிலாளர் ஒத்துழைப்பு ஒப்பந்தம் ஒன்று பேச்சில் இருக்கிறது. சம்பந்தப்பட்டவர்களின் கருத்தைத் திரட்டி அனுப்ப வேண்டும். அப்போது இந்தப் பக்கத்துக் கொத்தனார்களும் கம்பி கட்டுகிறவர்களும் நிறையப் பேர் அங்கே போய்க்கொண்டிருந்தார்கள். யார் யாரைக் கேட்க வேண்டும் என்றும் உத்தரவிலேயே இருந்தது. ஆள் அனுப்பும் ஏஜெண்டுகள், போய்த் திரும்பியவர்கள், கட்டட ஒப்பந்தக்காரர்கள், தொழிற்சங்கத்தார்.

பத்மாவதி மேடம் அதைப் படித்துவிட்டு நேராக நம் அதிகாரியின் அறைக்குப் போனார். "சார், போனவங்களக் கேக்கறோம், அனுப்பறவங்களக் கேக்கறோம். இங்க குடும்பத்த இழுத்துக்கினு கிடக்கறவங்கள விட்டுட்டாங்களே?"

"அது நம்ம வேலை இல்லம்மா. எழுதியிருக்கறத செய்யுங்க."

"தாள்ல வீட்டுத் தலைவர்னு ஒரு கட்டம் இருக்குது சார். வீட்டுக்காரர் கடலுக்கு அந்தாண்ட இருந்தா, வீட்டுத் தலைவர் யாரு?"

அதிகாரி நல்லவர். ஓய்வுக்கு இன்னும் சில மாதங்களே இருந்தன. சிரித்துவிட்டு, "என்னவோ பண்ணுங்க" என்றார். நாங்கள் அதை அனுமதியாக எடுத்துக்கொண்டோம்.

செங்கம் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு கிராமத்தில் முனியம்மாளைச் சந்தித்தோம். அவர் கணவர் ஏழுமலை கொத்தனார். போய் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. "இந்த ஒப்பந்தத்தை ஆதரிக்கிறீர்களா?" என்ற முதல் கேள்வியை நான் வாசித்தேன். அதைத் தமிழாக்கியவனும் நானே. "கெவர்மெண்டு செஞ்சா நல்லதுக்குத்தானே செய்யும்" என்றார் முனியம்மாள். அதற்கு முன் போன வீடுகளிலும் ஏறக்குறைய இதே பதில்தான். நான் எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனேன். மேடம் என் கையைத் தடுத்தார்.

"உனக்குத் தம்பி இருக்கானா?"

"இருக்கான். கம்பி கட்ற வேலைதான்."

"நாளைக்கு அவன் நானும் போறேன்னா அனுப்புவியா?"

முனியம்மாள் முறத்தில் இருந்த கேழ்வரகைக் கையால் அளைந்துகொண்டே இருந்தார். நான் பேனாவை மூடாமல் வைத்திருந்தேன். மேடம் அசையவில்லை.

"எங்க மாமியார் செத்தப்ப அவரால வர முடியல" என்றார் பிறகு. "தாய்க்குக் கொள்ளி வெக்க முடியாத போயிட்டாரு. பாஸ்போர்ட்ட மொதலாளி வாங்கி பீரோவுல வெச்சுப் பூட்டிட்டானாம். கெஞ்சியும் குடுக்கலயாம். தம்பிய அனுப்பாத இருக்க முடியாது, கெணத்துல தண்ணி இல்ல. அனுப்புவேன். ஆனா அவன் பாஸ்போர்ட்டு அவன் ஜோபியிலதான் இருக்கணும். அத எழுதிக்குங்க."

அன்று மாலை முழுவதும் நாங்கள் பழைய வீடுகளுக்கே திரும்பிப் போனோம். அனுப்புவீர்களா என்று மட்டும் கேட்டோம். நல்லதுதான் என்று சொல்லியிருந்தவர்கள் அப்போது வாய் திறந்தார்கள். போகும்போது சொன்ன வேலை ஒன்று, அங்கே கொடுத்த வேலை வேறு என்றார் ஒருவர். கையெழுத்துப் போட்ட தாளில் என்ன இருந்தது என்று தன் மகனுக்கே தெரியாது என்றார் இன்னொருவர்.

பிறகு டவுனில் கருத்துக் கேட்புக் கூட்டம். கார்த்திகை தீபத் திருவிழா நெருங்கிவிட்டால் மண்டபம் கிடைக்காது என்பதால் முன்கூட்டியே தேர் வீதிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்திருந்தோம். சென்னையிலிருந்து ஒரு மேலதிகாரி வந்திருந்தார். முன் வரிசையில் ஆள் அனுப்பும் வரதன் தன் ஆட்களோடு உட்கார்ந்திருந்தார். யாரிடம் எதைக் கேட்டாலும் பதில் அவரிடமிருந்தே வந்தது. எல்லாருக்கும் சம்மதம், சம்பளம் ஜாஸ்தி, கஷ்டம் கம்மி, ஒப்பந்தம் சீக்கிரம் வந்தால் நல்லது. ஏலம் விடுகிறவர் போலப் பேசினார்.

"நீங்க சொல்றத எழுதியாச்சுங்க" என்றார் மேடம். "பின்னாடி இருக்கறவங்க சொல்லட்டும்."

"எல்லாரையும் கேட்டுட்டுத்தாம்மா நான் பேசறேன்."

"சரிங்க. அவங்களும் உங்களக் கேட்டுட்டுத்தான் பேசணுமா?"

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பின் துணிச்சலில் முனியம்மாள் எழுந்து பாஸ்போர்ட் விஷயத்தைத் தொடங்கினார். ஒரு வாக்கியம்கூட முடிந்திருக்காது. வரதன் திரும்பிப் பார்த்து, சத்தம் போடாமல்தான் சொன்னார்: "பாத்துப் பேசு முனியம்மா. உன் வூட்டுக்காரன் இன்னும் அங்கதான் இருக்கான்."

சிரிப்பு நின்றது. முனியம்மாள் உட்கார்ந்துவிட்டார். மேலதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நம் அதிகாரி நன்றியுரைக்கு எழுந்திருக்கப் போனார். அப்போது மேடம், எல்லோருக்கும் கேட்கிற குரலில், வரதன் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் திரும்பச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

"அத எதுக்கும்மா எழுதறீங்க?" வரதன் எழுந்துவிட்டார்.

"கருத்துக் கேக்க வந்திருக்கோம். நீங்க சொன்ன கருத்து இது."

"அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதும்மா."

"பேச்சத்தான் நாங்க எழுதறோம்."

மேலதிகாரி கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்து வரதனைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். மண்டபத்தில் யாரும் எழுந்து போகவில்லை. பின் வரிசையில் முனியம்மாள் மறுபடியும் எழுந்தார். இந்த முறை முழுவதையும் சொல்லி முடித்தார். அவர் உட்கார்ந்ததும் வேறொருவர் எழுந்தார். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் கூட்டம் நடந்தது.

அறிக்கை எழுதும்போது சிக்கல் வந்தது. பொதுவாக வரவேற்பு இருக்கிறது என்று சுருக்கமாக முடித்துவிடலாம் என்றார் நம் அதிகாரி. வரதன் பேச்சை எடுத்துவிடச் சொன்னார். "ஏம்மா, நான் நிம்மதியா ரிடையர் ஆகணும்" என்று கிட்டத்தட்டக் கெஞ்சினார்.

"நிம்மதியா ஆகுங்க சார். கையெழுத்த நான் போடறேன்" என்றார் மேடம். போட்டார். அதன் கீழே நானும் போட்டேன். இது கள ஆய்வாளர்களின் சொந்தக் கருத்து என்று ஒரு குறிப்பு இணைத்து அதிகாரி அனுப்பி வைத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அவரைத் தூங்கவிடாமல் செய்தது. சில மாதங்கள் கழித்து ஏழுமலை திரும்பி வந்தார். ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே அனுப்பிவிட்டார்கள். வரதன் தரப்பு செய்த வேலையா, சென்னை அதிகாரி எங்காவது எழுதியதன் விளைவா, எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. மனிதர் நேரே நம் அலுவலகத்துக்கு வந்தார். பின்னாலேயே முனியம்மாளும் வந்தார்.

"யாரு இங்க பத்மாவதி? உங்களால என் வேல போச்சு. உங்களுக்கு மாசமானா சம்பளம் வருது. எனக்கு இன்னா வழி?"

நாங்கள் எல்லோரும் எழுந்துவிட்டோம். மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை. "நீங்க சொல்றது சரிங்க" என்றார் மேடம். "அவங்க பேசினா உங்களுக்கு என்ன ஆகும்னு நான் யோசிச்சிருக்கணும். யோசிக்கல."

"யோசிக்கலன்னு சொல்லிட்டா ஆச்சா? ஒரு பொம்பளைய உசுப்பேத்தி மண்டபத்துல நிக்க வெச்சு..."

அப்போது முனியம்மாள் குறுக்கே வந்தார். "யாரும் உசுப்பேத்தல. உன்னையா கேட்டாங்க? என்னத்தான் கேட்டாங்க. நான் சொன்னேன். உங்கம்மாவுக்கு யாரு கொள்ளி வெச்சான்னு நீ பாத்தியா? நான் பாத்தேன்."

ஏழுமலை அந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். தாய் செத்ததற்கு அவர் அழுதது அப்போதுதான் என்று முனியம்மாள் பிறகு சொன்னார்.

மேடம் அன்றே சென்னைக்கு ஒரு பின்குறிப்பு அனுப்பினார். கருத்துச் சொன்னவரின் கணவர் வேலை இழந்தார். அதற்கு இந்த விசாரணையே காரணமாக இருக்கலாம். கருத்துக் கேட்பவர்கள், சொல்பவர்களின் பாதுகாப்பை முதலில் ஏற்பாடு செய்ய வேண்டும். தன் தவறையும் அதில் தன் பெயரோடு எழுதினார். அடுத்த மாதம் அவரை ராமநாதபுரம் பக்கம் மாற்றினார்கள். உடல்நிலை சரியில்லாத தாயைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் போனார். யாரையும் போய்ப் பார்த்துச் சிபாரிசு கேட்கவில்லை. ஏழுமலைக்கு இங்கேயே கட்டட வேலை கிடைத்தது. அவர் மைத்துனன் பிறகு வெளிநாடு போனான். போகும் முன் பாஸ்போர்ட்டைப் பற்றி ஏஜெண்டிடம் கேட்டானாம். வரதனிடம் அல்ல, வேறு ஒருவரிடம். எங்கள் அறிக்கை யார் மேசையில் போய் நின்றது, ஒப்பந்தம் என்ன ஆனது என்பதெல்லாம் எங்களுக்கு வந்து சேரவில்லை.

மாற்றல் முடிந்து திரும்பியபோது மேடத்துக்குச் சிறுநீரகக் கோளாறு தொடங்கியிருந்தது. போன மாதம் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். முகம் வீங்கியிருந்தது. ஆபீஸ் கதைகளைக் கேட்டார். வேங்கிக்கால் பக்கம் கிணற்றுப் பாசனம் பற்றிக் கேட்கப் போகிறோம் என்றேன். "மொதப் பதில் சர்க்காருக்குச் சொல்றது" என்றார். "அது வந்ததும் எழுந்துடாதீங்க. கொஞ்சம் உக்காந்திருங்க." சொல்லிவிட்டுக் களைப்பில் கண்ணை மூடிக்கொண்டார்.

அவரை எடுத்த மறுநாள் எனக்கு அந்த வேங்கிக்கால் வேலை இருந்தது. ஒரு பெரியவரிடம் கிணறு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்குதுங்க" என்றார். எழுதிக்கொண்டேன். கூட வந்தவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாரானார். நான் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தேன். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மலைப் பக்கம் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உள்ளதச் சொல்லட்டுங்களா?" என்று ஆரம்பித்தார்.

மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த உட்கார்ந்திருத்தல்தான்.