வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை

போன வாரம் டிராமில் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். லஸ்ஸில் ஏறினார், பக்கத்தில் உட்கார்ந்தார், "பத்திரிகையிலே எழுதறவர் நீங்கதானே சார்?" என்றார். ஏதோ கட்டுரையைப் பாராட்டப் போகிறார் என்று நானும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"உங்க அக்கா ஜாவா போயிருக்காளாமே... அங்கே போக என்னென்ன வேணும்?" என்றார்.

என் எழுத்தின் மதிப்பு அவ்வளவுதான். போகட்டும், சொன்னேன். ஐரோப்பாவில் நடந்த பெரிய சண்டைக்கு முன்னால் கப்பல் டிக்கெட் இருந்தால் போதும். இப்போது பாஸ்போர்ட் வேண்டும். அதற்குக் கோட்டையில் மனுப் போட வேண்டும். போட்டோ வேண்டும். அம்மை குத்திக்கொண்ட சர்டிபிகேட் வேண்டும். இத்தனையும் சேர்ந்த பிறகு அந்தத் தேசத்துப் பிரதிநிதியான கான்ஸலிடம் போய் விசா என்று ஒரு முத்திரை வாங்க வேண்டும் — பாஸ்போர்ட் நம்மை ஊரை விட்டு அனுப்புவதற்கு, விசா அவர்கள் நம்மை உள்ளே விடுவதற்கு.

"அவ்வளவுதானா?"

"இன்னும் ஒண்ணு. கான்ஸல் ஆபீஸ் எந்தக் கிழமை, எத்தனை மணிக்குத் திறக்கும்னு விசாரிச்சுக்கோங்கோ. விசாரிச்ச கையோட பஞ்சாங்கத்தைப் பெட்டியிலே போட்டுப் பூட்டிடுங்கோ."

அவர் சிரித்தார். என் அத்திம்பேரைத் தெரியாதவர்கள் சிரிக்கலாம்.

அத்திம்பேர் என்றால் என் அக்காவின் கணவர். மயிலாப்பூர்வாசி. கோர்ட்டில் ஹெட் கிளார்க்காக முப்பது வருஷம் இருந்து ரிடையர் ஆனவர். ஸ்டாம்பு ஒரு நூல் கோணலாக ஒட்டியிருந்தாலும் மனுவைத் திருப்பிக் கொடுத்தவர். இவருக்கு ஒரே பெண், கோமதி. மாப்பிள்ளை ஜாவாவில், சுரபாயா பக்கத்தில் ஒரு சர்க்கரை ஆலையில் கெமிஸ்ட்.

இந்த வருஷம் கோமதி பிள்ளையாண்டிருந்தாள். போன தடவை ஏழாம் மாசத்தில் கலைந்துபோய்விட்டது. அதனால் இந்தத் தடவை கப்பல் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெண் தாய் வீட்டுக்கு வர முடியாது. ஆகவே தாய் வீடுதான் பெண்ணிடம் போக வேண்டும். "பிரசவத்துக்குள்ளே அம்மா வந்துடணும்" என்று கோமதி எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தை அக்கா மடித்து, ஸ்தோத்திரப் புஸ்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். நாலு மாசம் இருந்தது.

பாஸ்போர்ட் விஷயத்தில் அத்திம்பேர் சூரர். கோட்டையில் கேட்டதற்கு மேலேயே காகிதங்கள் கொடுத்துப் பாஸ்போர்ட்டை வாங்கிவிட்டார். ஒரே பாஸ்போர்ட்தான். அதில் அவர் பெயர், அவர் உயரம், அவர் கண் நிறம் எல்லாம் விவரமாக இருந்தன. அடியில் 'மனைவியுடன்' என்று ஒரு வரி. அந்த ஒரு வரிதான் அக்கா. அவர் போனால் அவளும் போகலாம். அவர் போகாவிட்டால் அந்த வரியும் போகாது.

விசாவுக்கு நானும் அத்திம்பேரும் ஜார்ஜ் டவுனுக்குப் போனோம். கான்ஸல் என்றால் ராஜா மாதிரி இருப்பார் என்று நினைத்தோம். ஜாவாவை ஆள்கிறவர்கள் டச்சுக்காரர்கள்; இவரும் ஒரு டச்சுக்காரச் சர்க்கரை வியாபாரி. கான்ஸல் வேலை அவருக்கு உபரி. வாசலில் இருந்த போர்டைப் படித்ததும் அத்திம்பேர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி படித்தார். வெள்ளிக்கிழமை மட்டும், காலை பத்தரை முதல் பன்னிரண்டு வரை.

வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை என்ன காலம் என்று மயிலாப்பூரில் யாரைக் கேட்டாலும் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். ராகு காலம். ஒரு நிமிஷம் முன்னே பின்னே கிடையாது. டச்சுக்காரர் பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் போர்டு எழுதினாரோ என்னவோ...

"நீ போய் வாங்கிண்டு வந்துடு" என்றார் அத்திம்பேர்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் போனேன். எனக்கு ராகு காலத்தில்தான் சம்பளமே வருகிறது. ஆனால் அங்கே இருந்த குமாஸ்தா, மீசை நரைத்த ஒரு சாயபு, பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஆளு நேர்ல வரணும் சாமி. தொரை முன்னாடி கையெழுத்து போடணும். வாரத்துக்கு ஒருவாட்டிதான் விசாவுக்குக் குந்துவாரு. பன்னெண்டு அடிச்சா தொப்பிய எடுத்துக்கினு போய்டுவாரு."

அத்திம்பேர் இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். ராகு காலத்துக்கு முன்னாலேயே உள்ளே நுழைந்துவிட்டால் காரியம் ஆரம்பித்ததாகக் கணக்கு. அடுத்த வெள்ளிக்கிழமை பத்தேகாலுக்கே பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். நானும் கூடப் போனேன். சரியாகப் பத்தரைக்குத் துரை வந்தார், விசா பாரத்தை நீட்டினார், பேனாவைக் கொடுத்தார். அத்திம்பேர் பேனாவை வாங்கினார். மையைத் தொட்டார். கை காகிதத்துக்கு ஒரு அங்குலம் மேலே நின்றுவிட்டது.

"பன்னெண்டுக்கு அப்பறம் போடறேனே" என்றார்.

ஒன்றரை மணி நேரம் பாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு அடித்தது. அத்திம்பேர் பேனாவை எடுத்தார், துரை தொப்பியை எடுத்தார்.

திரும்பும்போது எனக்குக் கோபம் தாங்கவில்லை. "முப்பது வருஷம் வெள்ளிக்கிழமையிலே கோர்ட்டுக்குப் போனேளே. அங்கே பத்தரைக்கு ராகு காலம் இல்லையா?"

"அது சர்க்கார் காரியம். சர்க்காருக்கு ராகு காலம் கிடையாது."

"இது?"

டிராம் ஐஸ் ஹவுஸைத் தாண்டும்போது அத்திம்பேர் டிக்கெட்டை நாலாக மடித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "கோமதி கப்பல் ஏறினது ஒரு வெள்ளிக்கிழமை. பதினோரு மணி. எனக்குத் தெரியும். மாப்பிள்ளை கேலி பண்ணப்போறாரேன்னு வாயை மூடிண்டு இருந்துட்டேன். அப்பறம் என்ன ஆச்சு, பாத்தியோல்லியோ?"

எனக்குக் கோபம் போய்விட்டது. ஆனால் விசா வரவில்லையே.

அந்த வாரம் அத்திம்பேர் தமக்குத் தெரிந்த வித்தையைக் காட்டினார் — மனுப் போட்டார். ராகு என்னும் கிரகத்தின் காரணமாக மனுதாரருக்கு உள்ள அசௌகரியத்தை உத்தேசித்து, விசா நேரத்தைப் பன்னிரண்டுக்கு மேல் மாற்றியருளும்படி இரண்டு பக்கம் கோர்ட்டு இங்கிலீஷ். மூன்றாவது வெள்ளிக்கிழமை பதிலை வாங்கிவர என்னை அனுப்பினார்.

"தொரை ரெண்டுவாட்டி படிச்சாரு சாமி," என்றார் சாயபு. "யாரு இந்த ராகு, அவரும் ஜாவா போறாரான்னாரு. போறதா இருந்தா அவரு போட்டோவும் ரெண்டு வோணுமாம்."

கப்பலில் பதிவு செய்த இடம் வேறு யாருக்கோ போயிற்று. அன்று சாயங்காலம் நான் விஷயத்தைச் சொன்னபோது அக்கா வெந்தயம் புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏண்டா, எனக்குன்னு தனியா ஒரு பாஸ்போர்ட் எடுக்கலாமோ?"

"எடுக்கலாம். அத்திம்பேர் சம்மதம்னு எழுதிக் கையெழுத்துப் போடணும்."

"போடுவார். நல்ல நாள் பாத்துக் கேக்கறேன்."

வியாழக்கிழமை, குரு ஹோரையில் கேட்டாள். அத்திம்பேர் சந்தோஷமாகவே போட்டுக் கொடுத்தார். சர்க்கார் ஆபீஸை அறிந்தவர் அல்லவா? வர ஆறு மாசம் ஆகும் என்று நினைத்திருப்பார். மூன்று வாரத்தில் வந்துவிட்டது. போட்டோவில் அக்கா மட்டும், யாரோ அதட்டினதுபோல் விறைப்பாக இருந்தாள்.

"வெள்ளிக்கிழமை நீங்களும் வாங்கோ" என்று கூப்பிட்டாள். அத்திம்பேர் பஞ்சாங்கத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

பத்தே முக்காலுக்கு அக்கா துரைக்கு எதிரே தமிழில் கையெழுத்துப் போட்டாள். அவளுக்கு மட்டும் ராகு காலத்தில் நம்பிக்கை இல்லை என்று நினைக்காதீர்கள். போடும்போது உதடு முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தது. பயத்தோடேயே போட்டாள்.

சாயபு முத்திரையை ஊதிக் காயவைத்துக் கொடுத்தார். "தனியாவா போறீங்க அம்மா? எங்க மச்சான் குடும்பம் துணி யாவாரம், அதே கப்பல்ல சுரபாயா போவுது. பத்ரமா கொண்டுபோய் உட்டுடுவாங்க."

அப்படியே ஆயிற்று. அரிசி, ஸ்டவ், ஒரு ஜாடி ஊறுகாய், சாயபுவின் மச்சான் குடும்பம் — இவற்றோடு அக்கா சமுத்திரம் தாண்டினாள். துறைமுகத்தில் அத்திம்பேர் குடையை ஊன்றிக்கொண்டு கடைசி வரை நின்றார். 'மனைவியுடன்' என்ற பாஸ்போர்ட் அவர் கோட்டுப் பையில் இருந்தது.

பிரசவத்துக்கு நாலு நாள் முன்னால் அக்கா போய்ச் சேர்ந்தாள். பிறகு தந்தி வந்தது: ஆண் குழந்தை, வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி, இருவரும் சௌக்கியம்.

அத்திம்பேர் 'சௌக்கியம்' என்ற இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். 'பதினொரு மணி' என்ற இடத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அரை மணி கழித்துப் பென்சிலும் பேரனின் அட்லஸுமாக... இல்லை, பேரனுக்கு இன்னும் அட்லஸ் இல்லை, அது கோமதி படித்த அட்லஸ்... எதையோ கூட்டிக் கழித்தார். முகம் மலர்ந்தது.

"ஜாவாவிலே பதினொண்ணுன்னா நம்மூர்லே ஒம்போதுடா. நல்ல நேரத்துலேதான் பொறந்திருக்கான்."

இதை அப்படியே அக்காவுக்கு எழுதினேன். டிராம் நண்பரைப் பார்த்த மறுநாள் பதில் வந்தது.

"உன் அத்திம்பேர் கணக்கு ரொம்ப சரி. நம்மூரில் பத்தரை என்றால் ஜாவாவில் பன்னிரண்டரை. ராகு காலம் போயே போய்விட்டது. கான்ஸல் ஆபீஸ் ஜாவாக்காரர்களுடையதுதானே? வெள்ளிக்கிழமை போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வரச் சொல். குழந்தைக்கு அவர் மூக்கு."

அத்திம்பேர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். கடைசி வரியை மூன்றாவது தடவையும் படித்தார்.

"லஸ்லேருந்து ஒம்போதே காலுக்கு டிராம் இருக்கோ?" என்றார்.

டிராம் நண்பரே, பஞ்சாங்கத்தைப் பூட்ட வேண்டாம்... கடிகாரத்தை இரண்டு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், போதும்.