போகிப் புகையும் ஓர் அம்புக்குறியும்

எழுபதுகளில் செங்கல்பட்டில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் புவியியல் டீச்சர். நிலக்காற்று, கடற்காற்று பாடத்தை வருஷா வருஷம் நடத்துவேன். கரும்பலகையில் கரையை ஒரு கோடாக இழுத்து, பகலுக்கு ஓர் அம்புக்குறி, இரவுக்கு ஓர் அம்புக்குறி போடுவேன். பகலில் நிலம் சீக்கிரம் சூடேறுகிறது, அதன் மேலுள்ள காற்று எழும்புகிறது, கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. இரவில் நிலம் சீக்கிரம் ஆறிவிடுகிறது, காற்று திரும்பிக் கடலுக்குப் போகிறது. பரீட்சையில் யாராவது அம்பைத் திருப்பிப் போட்டால் அரை மார்க் கூடத் தர மாட்டேன். கெஞ்சினாலும் மாட்டேன். அப்படி ஒரு பிடிவாதம் எனக்கு.

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. இழுப்பு. முந்தின வருஷம் போகியன்று தெருவெல்லாம் பழைய பாயும் முறமும் எரிய, அவள் உதடு நீலம் பாரித்துவிட்டது. டாக்டர் ஊசி போட்டு மீட்டார். "இன்னொரு போகியை இந்தக் குழந்தை தாங்காதும்மா" என்றார். அடுத்த போகிக்கு அவளை எங்கே கொண்டுபோவது என்று வருஷம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவருகிறவள் மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் குப்பத்துக்காரி. என் வயதுதான். சண்டை போட்டுப் போட்டே சிநேகமானவர்கள் நாங்கள். போகிக்கு முதல் நாள் குழந்தையோடு வந்து அவள் வீட்டில் தங்கட்டுமா என்று நானே கேட்டேன். கடல் பக்கம் சுத்தமான காற்று, புகை அண்டாது என்பது என் கணக்கு. என் வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை. பண்டிகை என்றால் டூட்டி.

"வா டீச்சரம்மா, உன் வூடு மாரி நெனச்சிக்கோ. ஆனா எங்க குப்பத்துலயும் கொளுத்துவாங்க. விடியக்காலைல காத்து கரைலேந்துதான் போவும், கடல்லேந்து வராது."

"எனக்கே காத்துப் பாடம் நடத்துறியா?" என்றேன்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். வாயை அடக்கியிருக்கலாம். அடக்கவில்லை.

முதல் நாள் சாயங்காலம் குப்பத்தில் காற்று அத்தனை சுகம். கடலிலிருந்து நேராக வந்து முகத்தில் அடித்தது. குழந்தை மணலில் ஓடினாள், ஒரு தடவைகூட இருமவில்லை. பார்த்தாயா என்பதுபோல் நான் மீன்காரியைப் பார்த்தேன். தண்ணீரை ஒட்டிய கடைசிக் குடிசை அவளுடையது. அது இன்னும் நல்லது என்று நினைத்துக்கொண்டு தூங்கினேன்.

விடிவதற்கு முன் இருமல் சத்தத்தில் விழித்தேன். வெளியே ஓலையும் கிழிந்த வலைகளும் எரிந்துகொண்டிருந்தன. நைலான் வலை வந்துவிட்ட காலம். அதன் கரும்புகை தொண்டையை அறுத்தது. குப்பத்துப் புகை மட்டுமா? மேற்கே இருந்த ஊர்களின் புகையும் சேர்ந்து, தரையோடு தரையாக ஊர்ந்து கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. எல்லாமே எங்கள் குடிசையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

மகளின் விலா எலும்புகள் உள்ளே போய்ப் போய் வந்தன. மாத்திரை கொடுத்தேன், வாந்தி எடுத்துவிட்டாள். செங்கல்பட்டுக்கு முதல் பஸ் வர இன்னும் நேரம் இருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அம்மா என்று கூப்பிடக்கூட அவளுக்கு மூச்சு இல்லை.

மீன்காரியின் புருஷன் வாசலில் நின்று புகையைப் பார்த்தார். "மலை மேல தூக்கினு பூடலாம்" என்றார். மாமல்லபுரம் ஊருக்குள் இருக்கும் பாறைக்குன்றைத்தான் சொன்னார்.

"புகை மேலேதானே போகும்?" என்று அப்போதும் கேட்டேன்.

"இந்தக் குளுருல ஏறாதும்மா. கட்டுமரத்துலேந்து பாக்கச் சொல்லோ ஊரே தெரியாது, பொகை வெள்ளையா படுத்துகினு கெடக்கும். பாறைத்தல மட்டும் மேல தெரியும். அத்த வெச்சித்தான் கரைக்கே வருவோம்."

"டீச்சரம்மா, இப்ப பேசாத. கொயந்தையக் குடு" என்றாள் மீன்காரி. படுக்க வைத்தால் இழுப்பு கூடும் என்பதால், அவர் முதுகில் உட்கார வைத்துத் தன் பழைய புடவையால் கட்டினாள். ஈரத்துணியை மகளின் மூக்கருகே பிடித்தபடி நான் பின்னால் ஓடினேன், மீன்காரியும் கூடவே வந்தாள். வழியெல்லாம் அவள் நெஞ்சு விசில் அடித்தது. அந்தச் சத்தம் நின்றுவிடுமோ என்ற பயத்தில் அதையே கேட்டுக்கொண்டு ஏறினேன்.

பாதிப் பாறைக்கு மேல் காற்று மாறியது. கீழே பல் கிட்டிய குளிர், மேலே அவ்வளவு இல்லை. நாற்றமும் இல்லை. இரவில் தரை குளிர்ந்தால் அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கீழேயே தங்கும். அதற்கு மேல் வெதுவெதுப்பான காற்று மூடி போட்டதுபோல் இருக்கும், புகை அதைத் தாண்டி ஏறாது. இதுவும் எனக்குத் தெரிந்த பாடம்தான். புத்தகத்தில் தெரிந்திருந்தது.

உச்சியில் அவளை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்துக்கொண்டேன். கீழே குப்பமும் ஊரும் தெரியவில்லை; விரித்த வேட்டிபோல் புகை மட்டும் கிடந்தது. எவ்வளவு நேரம் ஆயிற்றோ, விசில் சத்தம் தேய்ந்து மூச்சு நீண்டது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவமானமாகவும் இருந்தது.

"நீ சொன்னே. நான் கேக்கலை" என்றேன் மீன்காரியிடம்.

"சொன்னேன்தான்" என்றாள். முந்தானையால் குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டாள்.

சூரியன் கிளம்பியபோது மகள் கண்ணைத் திறந்து கீழே பார்த்தாள். அன்று அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"அந்தப் புகை எங்கம்மா போகுது?"

"கடலுக்கு" என்றேன்.

இரவுக்கான அம்பு. அதைத் திருப்பிப் போட்ட எத்தனை பிள்ளைகளுக்கு மார்க் இல்லை என்று பேப்பரைத் தூக்கிப் போட்டிருக்கிறேன். அன்று நானே திருப்பிப் போட்டு, அதன் முனையில் என் மகளைப் படுக்க வைத்திருந்தேன்.